வாலில் தெரிந்த சிவப்புப் பட்டை

பூமிக்கு வால் இருக்கிறது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று, "பிசிக்ஸ்ல ரிசர்ச் பண்றா" என்று மட்டும்தான் சொன்னார்கள். அது பூமியின் வாலில் திரியும் எலக்ட்ரான்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கட்டியிருப்பேன், அது வேறு விஷயம்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவள் காலையில் மின்சார ரயில் பிடித்து நகரத்துக்குள் போவாள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடின் அறையை ஒட்டிய ஆய்வகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புவாள். ஆய்வகம் என்றதும் நான் கம்பிகளையும் மின்பொறியையும் கற்பனை செய்துவைத்திருந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் நாலைந்து கம்ப்யூட்டர்கள், ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர் கேன். கருவிகளெல்லாம் வாலிலேயே இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய ஒரு செயற்கைக்கோள் அங்கே சுற்றிவந்து எண்ணிச் சொல்வதை இவர்கள் இங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்வீட்டில் ஓர் ஆட்டோக்காரர் இருந்தார். காலையில் நான் பைக்கை வெளியே தள்ளும்போது அவரும் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"இன்னா சார், அக்கா வாலைப் புடிச்சிட்டாங்களா?" என்பார்.

"எங்கண்ணா, ஆட்டிக்கிட்டே இருக்குதாம்" என்பேன்.

இந்தக் கேலி பல ஆண்டுகள் அலுக்காமல் ஓடியது. அவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். கேலிக்குச் சிரிக்கத் தெரிந்த பெண்தான். ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவளிடம் விளையாட முடியாது.

வாலைப் பற்றி அவள் எனக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது. நாம் சுவாசிக்கிற காற்று அல்ல. அணுக்கள் உடைந்து, எலக்ட்ரான்கள் தனியாகவும் மிச்சம் தனியாகவும் பறக்கிற காற்று. அதற்குப் பெயர் பிளாஸ்மா. பூமியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை அந்தக் காற்று பகல் பக்கத்தில் அமுக்குகிறது, இரவுப் பக்கத்தில் இழுத்து நீட்டுகிறது. நீண்டுபோன பக்கம்தான் வால். நிலாவையும் தாண்டிப் போகிறது. அதன் நடுவில், மேலிருக்கும் காந்தக் கோடுகள் ஒரு திசையிலும் கீழிருப்பவை எதிர்த் திசையிலும் ஓட, இடையில் சூடான பிளாஸ்மா ஒரு விரிப்புப் போலக் கிடக்கிறது. சூரியக் காற்று இழுக்க இழுக்க அந்த விரிப்பு மெலிந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் தாங்காமல் காந்தக் கோடுகள் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது எலக்ட்ரான்கள் பூமியை நோக்கித் தெறித்து ஓடிவரும். வடதுருவத்தில் பச்சை வெளிச்சம் ஆடுவதெல்லாம் அந்தக் கூத்துதான்.

"நம்ம தாம்பரத்துல தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனா ராத்திரியானா வால் நம்ம பக்கம்தான் இருக்கும். துணி எடுக்கப் போறப்ப மேல பாருங்க" என்றாள்.

எலக்ட்ரான்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றியே போகுமாம். கனமான துகள்கள் கோட்டை விட்டு விலகிவிட்ட பிறகும் இவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்குமாம். கோடு அறுகிற இடத்துக்கு வெகு அருகில் வந்த பிறகுதான் இவையும் பிடியை விடும். அதனால் வால் எப்போது, எப்படி அறுகிறது என்று தெரிய வேண்டுமானால் எலக்ட்ரான்களைத்தான் கேட்க வேண்டும். அவள் ஆய்வு அதுதான்.

கம்ப்யூட்டரில் அவள் வரையும் படங்களைப் படிக்க எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். கிடையாக நேரம். நெட்டாக எலக்ட்ரானின் வேகம். மேலே போகப் போகச் சூடானவை, கீழே மெதுவானவை. மெதுவானவற்றைக் குளிர்ந்தவை என்பார்கள். நிறம் எண்ணிக்கையைச் சொல்லும். சிவப்பு என்றால் கூட்டம், நீலம் என்றால் சொற்பம், வெள்ளை என்றால் ஒன்றுமில்லை. வாலின் நடுவில் சூடான எலக்ட்ரான்கள்தான் இருக்க வேண்டும். படத்தின் மேல்பாதியில் அவை இருந்தன. ஆனால் கீழே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சிவப்புப் பட்டை அடிக்கடி வந்தது. வால் அறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அது தடித்தது. அறுந்த பிறகு மெலிந்தது. ஒருமுறை இரண்டு முறை அல்ல, அவள் எடுத்துப் பார்த்த ஏறக்குறைய எல்லாச் சமயத்திலும் அப்படித்தான். குளிர்ந்த எலக்ட்ரான்கள் முன்கூட்டியே வந்து கூடுகின்றன, அவைதான் வாலை அறுபடத் தயார் செய்கின்றன என்று அவள் எழுதினாள்.

அந்தச் சிவப்புப் பட்டை எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருந்தது. சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசினோம். கோயிலுக்குப் போனால் அதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

கைடின் பெயரும் அவள் பெயரும் போட்ட கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. மேற்கோள் காட்டினார்கள். பிறகு ஒருநாள் ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வந்தது. முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு வந்தால், அந்தக் குளிர்ந்த எலக்ட்ரான்களைத் தொடர்ந்து ஆராய இரண்டு ஆண்டுகளுக்கு வேலை. கணவனையும் கூட்டி வரலாம். நான் கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். குளிருக்கென்று ஆளுக்கு ஒரு கோட் வாங்கி, கற்பூர உருண்டை போட்டு பீரோவில் வைத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளும் குழந்தையை நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம். தீசிஸ் முடியட்டும், வெளிநாடு போய்த் திரும்பட்டும் என்று. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். யாரையும் குறை சொல்ல முடியாது.

தீசிஸ் அச்சுக்குப் போகத் தயாராக இருந்த சமயத்தில் அவளுக்கு ஓர் உறுத்தல் வந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கட்டுரையைப் படித்துப் பார்த்துப் பிரசுரத்துக்கு அனுமதித்தவர்கள் கேட்கவில்லை, கைடு கேட்கவில்லை. அவளாகவே படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தாள்: சுற்றிலும் பிளாஸ்மா குறையக் குறைய அந்தச் சிவப்புப் பட்டை தடிக்கிறது. அதாவது அக்கம்பக்கம் எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு கூட்டம்.

"நல்லதுதானே?" என்றேன்.

"இவ்வளவு ஒழுங்கா இருக்கக் கூடாது" என்றாள்.

அவள் பயந்தது என்னவென்று அன்று சாயங்காலம் சொன்னாள். வெயில் படும்போது செயற்கைக்கோளின் உலோகத் தோலிலிருந்தே எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை போய்விட்டால் செயற்கைக்கோளில், அதாவது கலத்தில், நேர்மின்னேற்றம் மிஞ்சும். அந்த ஏற்றம், போன எலக்ட்ரான்களில் மெதுவானவற்றைத் திரும்ப இழுக்கும். திரும்பி வருபவை கருவிக்குள்ளேயே நுழைந்தால், கருவி அவற்றையும் எண்ணும். தன் வீட்டு ஆளா வெளி ஆளா என்று அதற்குத் தெரியாது. இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த சமாசாரம்தான். அதனால் ஒரு வேகத்துக்குக் கீழே இருப்பவற்றை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கணக்கே தொடங்குவார்கள். அவள் ஆய்வகத்திலும் அப்படி ஓர் எல்லை இருந்தது. கைடு வைத்தது, வருஷக்கணக்காக எல்லா மாணவர்களும் அதே எல்லையில்தான் வெட்டினார்கள். இவளும் வெட்டினாள்.

சுற்றிலும் பிளாஸ்மா போதுமான அளவு இருக்கும் இடங்களில் அந்த எல்லை சரி. ஆனால் விரிப்பு மெலிந்து வெளியே காலியாகும்போது கலத்தின் மின்னேற்றம் உயரும். உயர்ந்தால் கொஞ்சம் வேகமான எலக்ட்ரான்களையும் அது திரும்ப இழுத்துவிடும். அவை வெட்டுக்கு மேலே தலை காட்டும். விரிப்பு மெலிவது எப்போது? வால் அறுவதற்குச் சற்று முன்னால். அப்படியானால் அவள் கண்ட அந்த முன்னறிவிப்புக் கூட்டம், செயற்கைக்கோளின் சொந்தத் தோலிலிருந்து கிளம்பியதாக இருக்கலாம்.

"இருக்கலாம்தானே? இல்லாமலும் இருக்கலாம்" என்றேன்.

"நிழல்ல பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள்.

பூமியின் நிழலுக்குள் செயற்கைக்கோள் போகிற சில சமயங்கள் உண்டு. அங்கே வெயில் இல்லை. வெயில் இல்லையென்றால் தோலிலிருந்து எலக்ட்ரான் கிளம்பாது. நிழலிலும் பட்டை இருந்தால் அது வாலுடையது. ஆனால் நிழலுக்குள் போகும்போது பேட்டரியைக் காப்பாற்ற வழக்கமாகக் கருவிகளை அணைத்துவிடுவார்களாம். கருவியைக் கவனித்துக்கொள்ளும் குழுவுக்கு எழுதிக் கேட்டாள். சின்ன நிழல் ஒன்றில் மட்டும் கருவி அணைக்கப்படாமல் ஓடியிருக்கிறது என்று பதில் வந்தது. எங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோப்பு எங்கள் வீட்டு பிராட்பேண்டில் காலை முழுக்க இறங்கியது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது. நான் அதைத் தட்டிக்கொண்டே நின்றேன். வாங்கி வந்த கறி அப்படியே சிங்க்கில் கிடந்தது. அவள் குளிக்கக்கூட இல்லை.

படம் இடமிருந்து வலமாக வளர்ந்தது. மேலே சூடான எலக்ட்ரான்கள் மஞ்சளும் பச்சையுமாக வந்தன. கீழே எங்கள் சிவப்புப் பட்டை வந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நிழல் தொடங்குகிற இடத்தை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இடம் வந்ததும் பட்டை நின்றுவிட்டது. மெலியவில்லை, மங்கவில்லை. நின்றேவிட்டது. மேலே சூடானவை கொஞ்சம் இறங்கி, ஆனாலும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. கீழே வெறும் வெள்ளை. நிழல் முடிந்ததும் பட்டை ஒன்றும் நடக்காதது போல மறுபடி தொடங்கியது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்றேன்.

போட்டாள். அதே படம்தான் வந்தது.

கைடின் வீடு குரோம்பேட்டையில். அன்று சாயங்காலமே பைக்கில் போனோம். நல்ல மனிதர். மாணவர்களை வீட்டு வேலைக்கு அனுப்பாத கைடு, அதுவே பெரிய விஷயம். ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது மட்டும் போதாதும்மா" என்றார். "நிழல்ல கலம் நெகட்டிவா சார்ஜ் ஆகும். வெளியில நிஜமாவே குளிர்ந்த எலக்ட்ரான் இருந்தாலும் அதைத் தள்ளிவிட்டுடும். அதனாலகூட வெள்ளையா தெரியலாம். ஒரு நிழலை வெச்சு முடிவு பண்ணாதே."

அது சப்பைக்கட்டு அல்ல. இவளே ஒப்புக்கொண்டாள், நியாயமான ஆட்சேபம்தான் என்று. திரும்பி வரும்போது எனக்கு உயிர் வந்தது. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். பட்டை பிழைத்துவிடும் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் இன்னொரு வழியில் போனாள். கலத்தின் மின்னழுத்தம் ஒவ்வொரு நேரத்திலும் எவ்வளவு என்று வேறொரு கருவி தனியாக அளந்துவைத்திருந்தது. சிவப்புப் பட்டையின் மேல்விளிம்பை அந்த அளவோடு ஒப்பிட்டாள். பட்டை வாலுடையது என்றால், விளிம்பு அதன் போக்கில் இருக்கும். கலத்தின் மின்னழுத்தத்தைப் பற்றி அதற்கு என்ன கவலை? கலத்துடையது என்றால், மின்னழுத்தம் ஏறும்போது விளிம்பும் ஏறும், இறங்கும்போது இறங்கும். பழைய சம்பவங்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சில வாரங்கள் பிடித்தன. கம்பெனியிலிருந்து வந்ததும் நான் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. எந்தச் சம்பவத்திலும் விளிம்பு தனியாகப் போகவில்லை. நாய்க்குட்டி மாதிரி மின்னழுத்தத்தின் பின்னாலேயே போனது.

மறுபடி குரோம்பேட்டை. இந்த முறை கைடு படங்களைச் சீக்கிரமே கீழே வைத்துவிட்டார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தீசிஸ்ல ஒரு பாரா சேர்த்துடு" என்றார் கைடு. "கலத்தோட எலக்ட்ரான் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, மேற்கொண்டு ஆராயணும்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. அங்க போய் அந்த ரெண்டு வருஷத்துல நீயே சரி பண்ணிக்கலாம். கட்டுரை வந்தது வந்ததுதான்."

எனக்கு அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. இன்றும், முழுக்க மோசமான யோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் "சரி சார்" என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பைக்கில் சண்டை போடுவதில் ஒரு வசதி, முகம் பார்க்க வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே தலையைத் திருப்பித் திருப்பிக் கத்தினேன்.

"அவரு சொன்னதுல என்ன தப்பு? ஒரு பாரா. அவ்வளவுதானே?"

"என்னன்னு எழுதறது?"

"சந்தேகம் இருக்குன்னு எழுது."

"எனக்கு சந்தேகம் இல்லையேங்க. சந்தேகம் இருந்தா எழுதிடுவேன். அது அங்க இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதை சந்தேகம்னு எப்படி எழுதறது?"

"யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு, அவருக்கு. மூணே பேரு."

"மூணு பேரு போதாதா?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கித் திரும்பி அவளைப் பார்த்தேன். நிறையப் பேசினேன். நம் வயது என்ன தெரியுமா என்றேன். குழந்தையைச் சொன்னேன். உன்னைத் தவிர உலகத்தில் ஒருத்தனுக்கும் அந்த எலக்ட்ரானால் நஷ்டமில்லை என்றேன். அவள் பையை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் உண்மை என்று அவளுக்கும் தெரியும். கடைசியில், "போலாங்க, வெயில் அடிக்குது" என்றாள்.

அந்த வாரத்திலேயே கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு ஆய்விதழுக்கு எழுதினாள். இரண்டு பேர் பெயரும் இருக்கிற கட்டுரை, ஆகவே இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று பதில் வந்தது. கைடு பிடி கொடுக்கவில்லை. பார்க்கலாம் என்றார், ஊருக்குப் போய் வருகிறேன் என்றார். அவருடைய மற்ற மாணவர்களின் கட்டுரைகளிலும் அதே எல்லையில்தான் வெட்டு. இது விழுந்தால் அவையும் ஆட்டம் காணும் என்பது அவருக்குத் தெரியாதா? இவள் தினமும் போய் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தாள். நெருக்கவில்லை, அழவில்லை. அவர் அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இவள் கண்ணில் பட்டாள், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அவராகவே கூப்பிட்டு, சம்மதம் அனுப்பிவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவளோடு அவர் வேலை விஷயத்தைத் தவிர எதுவும் பேசவில்லை.

அழைத்தவர்களுக்கும் எழுதினாள். அவர்கள் பதில் மிக மரியாதையாக இருந்தது. உங்கள் நேர்மையைப் பெரிதும் மதிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வேலை குளிர்ந்த எலக்ட்ரான்களைத் தொடர்வதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதால், இனி அதற்கு அவசியமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். நேர்மையை மதித்து எழுதிய அந்த மின்னஞ்சலைப் போல நான் வேறெதையும் வெறுத்ததில்லை.

வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு போடுவாள், சாப்பிடுவேன். அவள் மேல் கோபமாக இருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. கீழ்வீட்டு ஆட்டோக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வழக்கம்போல மேலே பார்த்துக் கேட்டார்.

"இன்னாக்கா, எப்போ ஃபாரின் கிளம்பறீங்கோ?"

"போகலண்ணா" என்றாள்.

"ஏங்க்கா? இன்னா ஆச்சு?"

"நான் கண்டுபிடிச்சது தப்பாப் போச்சு."

அவர் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "பேஜாரா கீதேக்கா" என்றார். அப்புறம் அவர் வாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளிடம் ஆறுதலாக ஒரு சொல் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பது எனக்கு வெகு நாள் உறுத்தியது.

அவளுக்கு ஆய்வுக் காலம் நீட்டிக் கிடைத்தது. கைடு ஓய்வு பெற்றதும் வேறொருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். உதவித்தொகை நின்றுவிட்டதால் ஊரப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனாள். மிச்ச நேரத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். ஒரே எல்லையில் வெட்டாமல், அந்தந்த நொடியில் கலத்தின் மின்னழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ப எல்லையை ஏற்றி இறக்கி வெட்டினாள். உண்மையிலேயே குளிர்ந்த எலக்ட்ரான்கள் வாலில் இருந்தால் அந்த எல்லைக்கு மேலேதான் தெரியும் என்றாள். ஒவ்வொரு சம்பவமாக வெட்டிக்கொண்டே போனாள். எங்கள் சிவப்புப் பட்டையை அவள் கையாலேயே அவள் அழிப்பதை நான் தினமும் பார்த்தேன். குழந்தைக்கும் அப்போதுதான் முயன்றோம். வரவில்லை. டாக்டரிடம் போனோம், மருந்து சாப்பிட்டோம், பிறகு விட்டுவிட்டோம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

இன்னும் சில ஆண்டுகள் போய்க் கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். முன்வரிசையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், துறை ஆசிரியர்கள், பின்னால் சில மாணவர்கள். கடைசி வரிசையில் நான். கதவு திறந்து அவளுடைய பழைய கைடு உள்ளே வந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அவள் பேசினாள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எல்லாம் முடிகிற கட்டத்தில் கைடு எழுந்து நின்றார். அதுவரை அந்த அறையில் யாரும் தமிழில் பேசியிருக்கவில்லை.

"நம்ம கலத்தோடதையெல்லாம் எடுத்தாச்சு. சரி. எடுத்ததுக்கு அப்புறம் அந்த இடத்துல மிச்சம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல சார். முன்னாடியும் அங்க ஒண்ணும் இல்ல. அப்ப நமக்குத் தெரியாது. இப்ப யார் பார்த்தாலும் அது காலின்னு நம்பலாம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "ரைட்டும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று தேர்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். எனக்கு ஒன்று இருந்தது. ரோட்டோரம் வண்டியை நிறுத்திய அந்த நாளிலிருந்து இருந்தது. ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு நம் இரண்டு பேரின் இத்தனை வருஷம் வேண்டியிருந்ததா என்பதுதான் அது. அவள் தேர்வாளரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த என்னைத்தான் பார்த்தாள். நான் கேட்பேன் என்று எதிர்பார்த்து, பதிலும் வைத்துக்கொண்டு நிற்பவள் போல நின்றாள். கேள்வி எதுவும் இல்லை என்று நான் தலையசைத்தேன்.